பிள்ளை கடல் கடந்தால் பெற்றோர் செய்ய வேண்டியது

கணவன் மனைவிக்கிடையே மனத்தாங்கல் முற்றிய நிலையில், ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை வெளிநாட்டுக்குக் கொண்டு சென்றுவிடுவதுண்டு. பால்வெட்டு முடிந்து வீடு திரும்பும் தாய் வெறுந்தொட்டிலையே காண்கிறாள். "ஊருக்குத்தானே போயிருக்கிறார்கள், வந்துவிடுவார்கள்" என்று உறவினர் கூறும் ஆறுதலை நம்பி நாள்களைக் கடத்துவது பெரும் பிழையாகும்.

அன்றைய தினமே தஞ்சோங் ரம்புத்தான் போலீஸ் நிலையத்தில் புகார் செய்து, அதன் நகலைப் பெறுதல் வேண்டும். எனினும் புகார் மட்டும் போதாது. பராமரிப்பு உத்தரவு இல்லாதவரை தாய், தந்தை இருவருக்கும் பிள்ளைமீது சம உரிமையுண்டு. ஆகவே ஈப்போ உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தல் அவசியம். முஸ்லிம் அல்லாதார்க்குரிய 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை தாயிடம் இருப்பதே நலமென்ற அனுமானத்தோடு தொடங்குகிறது. தக்க காரணம் காட்டி அதனை மறுக்கவும் இடமுண்டு. மணவிலக்கு வழக்கு நடக்கும்போதே பிள்ளையை நாட்டைவிட்டுக் கொண்டு செல்லாதிருக்கத் தடையுத்தரவு கோரலாம். அவ்வுத்தரவைக் குடிநுழைவு இலாகாவிடம் உடனே சேர்ப்பிக்க வேண்டும். வழக்குரைஞருக்குக் கொடுக்க வசதியற்றோர் ஈப்போவிலுள்ள சட்ட உதவி இலாகாவை நாடலாம்.

உத்தரவு கிடைத்தபின்பும் பொறுமை வேண்டும். ஈப்போவைச் சேர்ந்த எம். இந்திரா காந்தி அம்மையாரின் பதினொரு மாதக் குழந்தையை 2009இல் தந்தை கொண்டு சென்றார். 2010இல் பராமரிப்பு உரிமை தாய்க்குக் கிடைத்தும் குழந்தை ஒப்படைக்கப்படவில்லை. தந்தையைக் கைது செய்யுமாறு போலீஸ் படைத் தலைவருக்குக் கூட்டரசு நீதிமன்றம் 2016இல்தான் ஆணையிட்டது. அக்குழந்தை கடல் கடந்ததாகவும் அவ்வழக்கில் தீர்ப்பில்லை. உள்நாட்டிலேயே இத்தனை இடர்ப்பாடு!

கடத்தப்பட்ட பிள்ளையை விரைந்து திருப்பியனுப்ப வகைசெய்யும் 1980ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் சிங்கப்பூரும் இலங்கையும் சேர்ந்துள்ளன; மலேசியாவும் இந்தியாவும் சேரவில்லை. ஆகவே பிள்ளை தமிழகத்திலிருப்பின், சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தாக்கல் செய்வதே வழக்கமான வழி. இங்கிலாந்திலிருந்து கோயம்புத்தூருக்குத் தாய் அழைத்துச் சென்ற இரு சிறுமியர் வழக்கில், அம்மனு சென்னையில் தள்ளுபடியாயிற்று. இந்திய உச்ச நீதிமன்றமோ 2015இல் இங்கிலாந்து நீதிமன்றத்தின் ஆணைக்கு மதிப்பளித்துத் தந்தைக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2017இல் அதே நீதிமன்றம், வெளிநாட்டு ஆணை பலவற்றுள் ஒன்றே, பிள்ளையின் நலனே முதன்மையானது என்று கூறிவிட்டது. பிள்ளை அங்கே பள்ளியிற் சேர்ந்து வேரூன்றிய பின்னர் மீட்பது கடினமாவது இதனாலேதான்.

பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், பிள்ளையின் கடப்பிதழ் எண், அண்மைப் புகைப்படம் ஆகியவற்றின் நகல்களை வீட்டிலன்றி நம்பகமான ஓர் உறவினரிடமும் கொடுத்து வைத்தல் நன்று. பிள்ளையைக் கொண்டு செல்பவர் பெரும்பாலும் அவற்றையும் உடன் எடுத்துச் செல்கிறார்.