அணுவுக்கு அஞ்சுவோர் காந்தத்துக்கு அஞ்சுவதில்லை

எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு வைத்தியர் சிபாரிசு செய்ததும், உடலினுள் கதிர்வீச்சுப் பாயுமே என நோயாளரும் உறவினரும் கலங்குவதை நாம் காண்கின்றோம். இந்த அச்சம் புதியதல்ல. 'அணுக்கருக் காந்தப் பரிவு' என்பதே இம்முறைக்கு ஆதியில் வழங்கிய பெயராகும். 'அணு' என்றதும் மக்கள் அணுகுண்டை எண்ணி மிரண்டமையால், 1980களில் மருத்துவ உலகு அச்சொல்லைக் கைவிட்டது. உண்மையில் அஞ்சவேண்டிய பொருளோ அப்பெயரில் எஞ்சிய 'காந்தம்' என்ற சொல்லிலேயே உள்ளது.

இங்கு பேசப்படும் அணுக்கரு வெளியிலிருந்து வருவதன்று. நமது உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசனின் கருவே அது. ஒரேயொரு புரோத்தனாலான இக்கரு நுண்ணிய காந்தம் போன்று இயங்குகின்றது. வழமையில் இக்காந்தங்கள் திசைக்கொன்றாகக் கிடக்கும். 1.5 தெஸ்லா வலிமையுள்ள, அதாவது பூமியின் காந்தப்புலத்திலும் ஏறத்தாழ 30,000 மடங்கு வலிய கருவியினுள் உடல் சென்றதும், பத்து இலட்சத்துக்கு ஒரு சில கருக்களே மேலதிகமாகப் புலத்தின் திசையில் சாய்கின்றன. அவையே போதுமானவை. ஒரு துளி நீரிலேயே கோடானுகோடி கருக்கள் உண்டல்லவா?

இந்நிலையில் செக்கனுக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் அதிர்வுகள் கொண்ட வானொலி அலை செலுத்தப்படுகின்றது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கேற்பத் தள்ளினால் அது உயர எழுவது போன்று, தமக்குரிய மீடிறனில் வரும் அலையை ஏற்றுக் கருக்கள் நிலைபெயர்கின்றன. இதுவே பரிவு. அலை நின்றதும் பழைய நிலைக்குத் திரும்புகையில் அவை மெல்லிய சமிக்ஞையை விடுக்கின்றன. திரும்பும் நேரம் மூளைத் திசுவில் ஒன்று, கட்டியில் வேறொன்று. படத்தின் கருமையும் வெண்மையும் அவ்வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன. சமிக்ஞை எவ்விடத்திலிருந்து வந்தது என்பதை அறிய, இடத்துக்கிடம் புலத்தைச் சிறிது மாற்றும் உத்தியை 1973இல் போல் லோட்டர்பர் வெளியிட்டார். அதனை வளர்த்தெடுத்த பீட்டர் மான்ஸ்ஃபீல்டும் அவரும் 2003இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். நோயாளரைத் திடுக்கிடச் செய்யும் தட்டொலி, புலத்தை மாற்றும் சுருள்கள் அதிர்வதால் எழுவதே.

எக்ஸ் கதிரைப் போன்று அணுக்களை அயனாக்கும் ஆற்றல் இவ்வலைக்கு இல்லை. காந்தத்தின் கதை வேறு. பெரும்பாலான கருவிகளில், திரவ ஈலியத்தால் -269 பாகை செல்சியஸ் வரை குளிரூட்டப்பட்டு மின்தடை முற்றாக அற்றுப்போன சுருளில் மின்னோட்டம் இடையறாது சுற்றிக்கொண்டிருக்கும். படம் எடுக்காத நள்ளிரவிலும் காந்தம் இழுத்துக்கொண்டேயிருக்கும். விளக்கை அணைப்பது போன்று ஆளியைத் தட்டி அதனை நிறுத்த இயலாது. 2001இல் நியூயோர்க் மாநிலத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவனும், 2018இல் மும்பையில் 32 வயதான ஒருவரும் உயிரிழந்தமைக்கு, அறைக்குள் கொண்டுசெல்லப்பட்ட ஒட்சிசன் சிலிண்டர்களே காரணமாயின.

எமது நாட்டில் இதற்கு மற்றொரு முகமும் உண்டு. யுத்தம் 2009இல் முடிந்தபோதிலும், எறிகணைத் துண்டுகளை உடலில் சுமந்து வாழ்வோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். காயம் ஆறியதும் அதனை மறந்தோரும், வீண் விசாரணைகளுக்கு அஞ்சிச் சொல்லத் தயங்குவோரும் இருக்கக்கூடும். அத்தயக்கத்தின் காரணம் எமக்கு விளங்காததன்று. ஆயினும் உருக்குத் துண்டு காந்தப்புலத்தில் திரும்பவோ நகரவோ கூடும். அது கண்ணில் இருப்பின் பார்வையே பறிபோகலாம். முன்கூட்டியே கூறினால், எக்ஸ் கதிர்ப் படத்தின் மூலம் துண்டின் இடத்தை அறிந்து, எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா, சி.ரி. ஸ்கேன் போதுமா என வைத்தியர்கள் தீர்மானிப்பர்.

சேலையிலும் பர்தாவிலும் குத்திய ஊசியையும் தாயத்தையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிடலாம். உடலில் உலோகம் உண்டா என்ற கேள்விக்கோ, அது எங்கே உள்ளது, எவ்வகைப் பொருள் என்ற விபரமே கருவியை இயக்குபவருக்குத் தேவை. எந்தச் சூழலில் உடலுக்குள் வந்தது என்பதை அவரிடம் விளக்க வேண்டியதில்லை.