நாய்க்குட்டியின் உணவும் இரவு அழுகையும்

புதிதாக வீட்டுக்கு வந்த நாய்க்குட்டி முதல் இரவில் அழுவது இயல்பு. அந்த அழுகையைக் கேட்டதும் பெரும்பாலான வீடுகளில் யாராவது எழுந்து போய்ப் பால் காய்ச்சி ஒரு தட்டில் ஊற்றி வைப்பார்கள். குட்டி ஆவலோடு குடிக்கும். கால் மணி நேரம் அடங்கும். மறுபடியும் அழும்; மறுபடியும் பால் ஊற்றப்படும். விடிவதற்குள் வயிற்றுப்போக்கு தொடங்கிவிடும். என் வீட்டுக்கு வந்த முதல் குட்டிக்கு நானும் இப்படித்தான் ஊற்றினேன். மூன்றாம் நாள் அதைத் துணியில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

குட்டியின் இரவு அழுகை பெரும்பாலும் பசியால் வருவதில்லை. பகலில் சரியான உணவு கொடுப்பது ஒரு வேலை, இரவில் துணையாக இருப்பது வேறொரு வேலை. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் குட்டியின் வயிறும் கெடுகிறது, வீட்டாரின் தூக்கமும் கெடுகிறது. இங்கே சொல்லப்படும் அளவுகள் ஏறக்குறைய இரண்டு மாத வயதும் 3 கிலோ எடையும் உள்ள, நடுத்தர உடலமைப்புடைய நாட்டுக் குட்டியை மனத்தில் வைத்துச் சொல்லப்படுகின்றன.

எந்த வயதில் கொண்டுவரலாம்?

பிறந்த குட்டிக்குக் கண்ணும் காதும் மூடியிருக்கும். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் கண் திறக்கும். மூன்றாம் வார வாக்கில் காது கேட்கத் தொடங்கும். நான்காம் வாரத்தில் தாயின் உணவை நக்கிப் பார்க்கும். ஏழு எட்டு வாரத்தில் தாயே பால் கொடுக்காமல் விலகத் தொடங்கும். இந்த இடைப்பட்ட காலத்தில்தான் குட்டி உடன்பிறந்தவற்றோடு கடித்து விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றதற்கு வலிக்கும் என்பதைக் கற்கிறது. எனவே எட்டு வாரம் முடிந்த பிறகே தாயிடமிருந்து பிரிப்பது நல்லது.

கொடுப்பவரிடம் மூன்றைக் கேட்டுப் பெற வேண்டும். இதுவரை குட்டி தின்றது என்ன, குடற்புழு மருந்து எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்ற விவரங்கள் இரண்டு. தாயும் குட்டிகளும் படுத்திருந்த பழைய துணியில் ஒரு துண்டு மூன்றாவது. அந்தத் துணியைத் துவைக்கக் கூடாது. அதன் பயன் இரவில் தெரியும்.

பால் ஏன் வேண்டாம்?

நாய்ப்பாலில் பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு புரதமும் கொழுப்பும் உள்ளன. பாற்சர்க்கரையோ பசும்பாலில்தான் கூடுதல். தாய்ப்பால் மறக்கும் வயதில் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதியும் குட்டியின் குடலில் குறைந்துகொண்டே வரும். செரிக்காத சர்க்கரை குடலில் தங்கி நீரை இழுத்துக்கொள்வதால் மலம் இளகிப் போகிறது. பெரிய நாய்க்கு இது ஒரு நாள் தொல்லை. 3 கிலோ குட்டிக்கு உடல்நீர் வற்றிப்போகும் ஆபத்து.

பாலில் தண்ணீர் கலந்தால் சரியாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்போது ஏற்கெனவே போதாத சத்து இன்னும் பாதியாகிறது. நான்கு வாரத்துக்கும் குறைந்த குட்டியைத் தெருவிலிருந்து எடுத்து வந்துவிட்டால், நாய்க்குட்டிகளுக்கென்றே விற்கப்படும் பால்மாவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் கரைத்துக் கொடுக்க வேண்டும். தயிர், புளிக்கும்போது பாற்சர்க்கரை ஓரளவு குறைந்துவிடுவதால், சிறிதளவு ஒத்துக்கொள்ளும்.

தயிர்ச்சோற்றுக் கணக்கு

நம் வீடுகளில் வளரும் குட்டிகளின் முதன்மை உணவு தயிர்ச்சோறுதான். வயிறு நிறைகிறது, குட்டியும் தூங்கிவிடுகிறது. அதனால் போதும் என்று தோன்றுகிறது. வகுப்பில் கரும்பலகையில் போடுவது போல ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

3 கிலோ எடையுள்ள இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 480 கிலோகலோரி ஆற்றல் வேண்டும். வளரும் குட்டிக்கு ஒவ்வோர் 1000 கிலோகலோரிக்கும் 56 கிராம் அளவில் புரதம் தேவை என்பது உணவியலார் கொள்ளும் கணக்கு. அப்படியானால் நம் குட்டிக்கு நாளொன்றுக்கு 27 கிராம். 300 கிராம் சோறும் 150 கிராம் தயிரும் கலந்தால் ஆற்றல் ஏறக்குறைய 480 வந்துவிடும். ஆனால் சோற்றிலிருந்து 8 கிராம், தயிரிலிருந்து 5 கிராம் என்று புரதம் 13 கிராம்தான் கிடைக்கும். வயிறு நிறைந்த குட்டிக்குப் புரதத்தில் பாதி வந்து சேரவில்லை. வயிறு மட்டும் உருண்டு, முதுகெலும்பு தெரிய, மயிர் மங்கி நிற்கும் குட்டிகளைத் தெருவுக்குத் தெரு பார்க்கிறோம். குடற்புழுவோடு இந்தக் குறையும் சேர்ந்தே அந்தத் தோற்றத்தைத் தருகிறது.

சோற்றை 150 கிராமாகக் குறைத்து, எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி 80 கிராமும் ஒரு வேகவைத்த முட்டையும் சேர்த்தால் புரதம் 30 கிராமை எட்டிவிடும். முட்டையைப் பச்சையாக ஊற்றக் கூடாது. பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்னும் உயிர்ச்சத்தைப் பிணைத்துக்கொள்ளும். இத்தோடு பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. சுண்ணச்சத்துக் கணக்கு இன்னும் இருக்கிறது. இதே குட்டிக்கு நாளொன்றுக்கு 1.4 கிராம் அளவில் சுண்ணச்சத்து வேண்டும். கறியிலும் சோற்றிலும் அது மிகமிகக் குறைவு. சுண்ணச்சத்துக்குப் பேர்போன கேழ்வரகிலேயே 100 கிராம் மாவுக்கு 350 மில்லிகிராம் அளவில்தான் உள்ளது. அதை மட்டும் நம்பினால் குட்டி ஒரு நாளைக்கு 400 கிராம் மாவைக் கஞ்சியாகக் குடிக்க வேண்டியிருக்கும்.

கறி மட்டுமே தின்று வளரும் குட்டிக்கு வரும் கேடு இதனால்தான். கறியில் பாஸ்பரஸ் மிகுதி, சுண்ணச்சத்து மிகக் குறைவு. இரத்தத்தில் அளவைச் சரிகட்ட உடல் எலும்பிலிருந்தே சுண்ணச்சத்தை உருவுகிறது. கால்கள் வளைகின்றன, சிறு தாவலில்கூட எலும்பு முறிகிறது. செல்லமாக நிறையக் கறி போட்டு வளர்த்த வீட்டில்தான் இது நேர்கிறது என்பது வருத்தத்துக்குரியது.

அதற்காகச் சுண்ணச்சத்து மருந்தை அள்ளிக் கொடுப்பதும் தவறு. இளங்குட்டியின் குடலுக்கு மிகுதியானதைத் தள்ளிவிடும் திறன் முழுமையாக வந்திருக்காது. குறிப்பாகப் பெரிய இனக் குட்டிகளின் எலும்பு வளர்ச்சியே கோணிவிடும். நன்கு காயவைத்துப் பொடித்த முட்டை ஓட்டுத்தூள் ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணச்சத்து இருக்கிறது என்பதைப் பார்த்தால், கை தவறினால் அளவு எங்கே போகும் என்று புரியும். வீட்டு உணவு மட்டுமே கொடுப்பதாக இருந்தால் என்ன சேர்க்க வேண்டும், எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

கடையில் வாங்கும் உணவு

வளரும் முதல் ஆண்டில் குட்டிகளுக்கான உலர் உணவை வாங்குவதே எளிய வழி என்பது என் கருத்து. செலவு மிகுதி என்றால் பாதி உலர் உணவும் பாதி வீட்டு உணவுமாகக் கொடுக்கலாம். சைவ வீடுகளில் தயிர்ச்சோற்றை மட்டும் கொடுத்துக் குட்டியை மெலியவிடுவதைக் காட்டிலும் இது எவ்வளவோ மேல்.

பையின் முன்பக்கப் படத்தை விடப் பின்பக்க எழுத்துதான் முக்கியம். ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்றும், ‘குரோத்’ அல்லது ‘ஆல் லைஃப் ஸ்டேஜஸ்’ என்றும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளர்ந்த நாய்க்கான உணவு குட்டிக்குப் போதாது. புரதம், ஈரப்பதம் நீக்கிய கணக்கில், 22.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. மூட்டையைப் பிரித்து வைத்து நிறுத்துக் கொடுக்கும் உணவு மலிவுதான். ஆனால் அதன் காலாவதித் தேதி நமக்குத் தெரியாது, கொழுப்பும் காற்றுப் பட்டுச் சிக்கு வாடை அடித்திருக்கும். பெரும்பாலான உலர் உணவுகளில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கிலோகலோரி இருப்பதால், நம் குட்டிக்கு ஒரு நாளைக்கு 120 முதல் 135 கிராம் போதும். அதை நான்கு வேளையாகப் பிரித்து, வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்கு மேல் மூன்று வேளை, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளை. எடை கூடக்கூட அளவையும் கூட்ட வேண்டும். விலாவைத் தடவும்போது எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய் இனங்கள் இயல்பிலேயே ஒல்லியானவை. அவற்றைக் கொழுக்கவைக்க முயல வேண்டாம்.

வந்த அன்றே உணவை மாற்றக் கூடாது. பழைய இடத்தில் தின்றதையே இரண்டு மூன்று நாள் கொடுத்துவிட்டு, பிறகு கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என ஒரு வாரத்தில் புதியதற்கு மாற்றலாம்.

அடுக்களையில் உள்ள நஞ்சுகள்

நாம் தின்பதில் மிச்சத்தைப் போடும் வழக்கம் நமக்கு உண்டு. குட்டிக்கான பங்கைத் தாளிப்பதற்கும் குழம்பு சேர்ப்பதற்கும் முன்பே எடுத்து வைத்துவிட வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வேகவைத்தாலும் அந்தத் தன்மை போகாது. திராட்சை, பாயசத்தில் போடும் உலர்திராட்சை ஆகியவை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடும். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. அதே அமிலம் புளியில் நிறைய உண்டு. ஆகவே புளிக்குழம்புச் சோறும் ரசச்சோறும் வேண்டாம். சாக்லேட்டும், சர்க்கரை இல்லாதது என்று விற்கப்படும் சைலிட்டால் கலந்த சூயிங்கமும் உயிரையே பறிக்கலாம். வேகவைத்த கோழி எலும்பு ஈட்டி போலச் சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். மனிதருக்கான காய்ச்சல், வலி மாத்திரைகளையும் நாமாகக் கொடுக்கக் கூடாது.

இரவில் ஏன் அழுகிறது?

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்னும் ஊரிலுள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் ஆகியோர் நாய்க்குட்டிகளின் நடத்தையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1965இல் நூலாக வெளியிட்டனர். பழக்கமில்லாத இடத்தில் தனியே விடப்படும் குட்டி ஆறு ஏழு வார வயதில்தான் மிக அதிகமாகக் கத்துகிறது என்பது ஸ்காட்டின் ஆய்வுகளில் தெரியவந்தது. நாம் குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவரும் வயதை அது ஒட்டியே வருகிறது. பின்னர் 1977இல் ஸ்காட்டும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், தனித்து விடப்பட்ட குட்டிகளுக்கு உணவு, பொம்மை, மென்துணி, கண்ணாடி, வேறொரு நாய், மனிதர் என ஒவ்வொன்றாகக் காட்டிப் பார்த்தார்கள். உணவால் பெரிய பயன் விளையவில்லை. மனிதர் உடனிருந்தபோதுதான் அழுகை நன்கு அடங்கியது. நள்ளிரவுப் பால் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு விடை இதுதான்.

அதுவரை உடன்பிறந்த குட்டிகளின் வயிற்றுச் சூட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்த உயிரை மொட்டைமாடியிலோ வாசல் கம்பியிலோ கட்டிப்போட்டால் அது தாயைக் கூப்பிடத்தான் செய்யும். ‘அழட்டும், தானாக அடங்கும்’ என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். அடங்கும்தான், களைத்துப்போய் அடங்கும். மறுநாள் இருட்டியதும் அச்சம் திரும்பிவிடும். அடிப்பதும் குளியலறையில் போட்டுப் பூட்டுவதும் அந்த அச்சத்துக்கு உரமிடுவதே.

செய்ய வேண்டியது எளிது. குட்டி எழுந்து திரும்பிப் படுக்கும் அளவுள்ள அட்டைப்பெட்டியில் கோணிச்சாக்கை விரித்து, மேலே தாயின் வாசனையுள்ள துணியைப் போட வேண்டும். மழை, பனிக் காலமானால் வெதுவெதுப்பான நீர் நிரப்பிய புட்டியைத் தடித்த துணியில் சுற்றி ஓரமாக வைக்கலாம். சூடு மிகுந்தால் விலகிப் படுக்க மறுபக்கம் இடம் இருக்க வேண்டும். பெட்டியைப் படுப்பவரின் கை எட்டும் தூரத்தில் வைக்க வேண்டும். குட்டி முனகும்போது கையைத் தொங்கவிட்டு அதன் மேல் வைத்தால் போதும். பேச வேண்டாம், விளக்குப் போட வேண்டாம், தூக்கிக் கொஞ்சவும் வேண்டாம். கடைசி உணவைப் படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே கொடுத்துவிட்டு, படுக்கப்போகும் முன் சிறுநீர் கழிக்க வெளியே விட்டுக் கொண்டுவர வேண்டும்.

இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. ஆகவே நடு இரவில் ஒருமுறை, பின்பு விடியற்காலையில் ஒருமுறை வரும் அழுகையை வேறாகப் புரிந்துகொள்ள வேண்டும். நன்றாகத் தூங்கிய குட்டி எழுந்து பெட்டியைப் பிறாண்டினால் அது வெளியே போகக் கேட்கிறது. பேசாமல் தூக்கிக்கொண்டுபோய், வேலை முடிந்ததும் பேசாமல் திரும்ப விட வேண்டும். அப்போது விளையாடினால், மறுநாளிலிருந்து அதே நேரத்துக்கு விளையாட எழுப்பிவிடும்.

பெரும்பாலான குட்டிகள் ஒரு வாரத்தில் பழகிவிடும். பிறகு பெட்டியை ஒவ்வோர் இரவும் ஓரிரு அடி நகர்த்தி நிரந்தர இடத்துக்குக் கொண்டுபோகலாம். பகலிலும் ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று அதைத் தனியே விட்டுப் பழக்க வேண்டும். பகல் முழுதும் மடியில் இருந்த குட்டிக்கு இரவுத் தனிமை இன்னும் கொடியது. குட்டியோடு மிகுதியாக விளையாடுவது குழந்தைகள் என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில்தான் போடப்படுகிறது. அதற்கு முன்போ பின்போ குட்டியின் பல்லோ நகமோ பட்டுக் காயம் ஏற்பட்டால், சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறு கீறல்தானே என்று விட்டுவிடக் கூடாது.

அழும் குட்டியைவிட, நேற்றுவரை அழுதுவிட்டு இன்று சத்தமின்றிச் சுருண்டு கிடக்கும் குட்டியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். உண்ண மறுப்பது, வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு ஆகியவை பார்வோ நச்சுயிரியின் அறிகுறிகளாக இருக்கலாம். வெளுத்த ஈறு, கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சுவதைக் காட்டலாம். அப்புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வந்துவிடக்கூடியது. இவற்றில் எது தெரிந்தாலும் மறுநாளைக்கு என்று தள்ளாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். போகும்போது கடைசியாகத் தின்றது என்ன, எத்தனை முறை வயிற்றால் போயிற்று, குடற்புழு மருந்தும் தடுப்பூசியும் எந்தத் தேதியில் போடப்பட்டன என்பவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றால் மருத்துவரின் வேலை பாதி குறையும்.