பக்கத்திலேயே ஒரு தலைநகரம்

திருப்பதிக்குப் போகும் கூட்டம் எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடும் சந்திரகிரி, சென்னையின் பிறப்போடு தொடர்புள்ள ஊர்.

ரேணிகுண்டா சந்திப்பில் ரயில் நின்றதும் கூட்டம் ஒரே திசையில்தான் நகர்கிறது. மொட்டை போடப் போகும் குழந்தைகள், மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை, கட்டுச்சோற்று மூட்டை. வாசலில் ஆட்டோக்காரர் தமிழிலேயே கேட்கிறார்: "மேல் திருப்பதிக்கா சார்?" சந்திரகிரிக்கு என்று சொன்னால் ஒரு நிமிடம் யோசிக்கிறார். அவருக்கு வழி தெரியாமல் இல்லை. அங்கே போகிறவர்கள்தான் குறைவு.

அரக்கோணத்திலிருந்து கிளம்பிய ரயில் பாதை 1862இல் ரேணிகுண்டாவை எட்டியது. அன்று முதல் இது யாத்ரீகர்கள் இறங்கும் ஊர். இங்கிருந்து திருப்பதி சுமார் 10 கி.மீ. அதைத் தாண்டி இன்னொரு 12 கி.மீ. போனால் சந்திரகிரி. விஜயநகரப் பேரரசின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று.

இத்தாலிக்கு விடுமுறையில் போகிறவர்கள் ரோமையும் பிளாரன்சையும் பார்த்ததோடு திரும்பிவிடுவதில்லை. ஒரு நாளை ஒதுக்கி, டஸ்கனியில் குன்றின்மேல் இருக்கும் சான் ஜிமிஞானோ போன்ற இடைக்கால ஊர்களுக்கும் போகிறார்கள். ஒரு காலத்தில் 72 கோபுர வீடுகள் இருந்ததாகச் சொல்லப்படும் அந்த ஊரில் இன்று நிற்பவை 14தான். ஆனாலும் யுனெஸ்கோ அதை 1990இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதை வளர்த்ததும் ஒரு யாத்திரைப் பாதைதான். வடக்கிலிருந்து ரோமுக்கு நடந்துபோன பக்தர்கள் அங்கே தங்கிச் சென்றார்கள்.

சந்திரகிரிக்கும் அதே ராசி. பக்கத்திலுள்ள சீனிவாச மங்காபுரத்திலிருந்துதான் ஸ்ரீவாரி மெட்டு என்ற படிப்பாதை திருமலைக்கு ஏறுகிறது. அலிபிரி வழியைவிட இது குறுகியது. சந்திரகிரியில் இருந்த அரசர்களுக்குப் பெருமாள் அண்டை வீட்டுக்காரர்.

கோட்டையின் தொடக்கத்தை 11ஆம் நூற்றாண்டு யாதவராயர்களோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். 14ஆம் நூற்றாண்டில் அது விஜயநகரத்தின் கைக்கு வந்தது. இங்கிருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர் 1485இல் பேரரசின் அரியணையையே பிடித்தார். திருமலைக் கோயிலுக்கு அவர் வாரி வழங்கியதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. திருமலைக் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் இருப்பவை என்பதைத் தரிசன வரிசையில் நிற்கும் தமிழர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

இதே கோட்டை சிறைச்சாலையாகவும் இருந்திருக்கிறது. 1509இல் பட்டத்துக்கு வந்த கிருஷ்ணதேவராயர், போட்டிக்கு வரக்கூடிய தம்பிமார்களை இங்கேதான் அடைத்து வைத்தார். அவர்களில் ஒருவரான அச்சுதராயர் 1529இல் இங்கிருந்து வெளியேறி அரசரானார்.

1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. அரச குடும்பம் முதலில் பெனுகொண்டாவுக்கும், அந்த நூற்றாண்டின் இறுதியில் சந்திரகிரிக்கும் நகர்ந்தது. இரண்டாம் வேங்கடபதிராயரின் அவைக்கு 1598இல் யேசு சபைப் பாதிரிமார்கள் வந்தார்கள். சில ஆண்டுகளில் அரசர் வேலூருக்குப் போய்விட்டார்.

அடுத்து வந்ததுதான் நமக்கு நெருக்கமான கதை. 1639 ஆகஸ்ட் 22ஆம் தேதியிட்ட சாசனத்தின்படி, கடற்கரையில் ஒரு மணல் திட்டு பிரான்சிஸ் டே என்ற ஆங்கிலேய வணிகருக்குக் கிடைத்தது. கொடுத்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர். அவருக்கு மேலே இருந்தது விஜயநகர அரசு. 1645இல் மூன்றாம் ஸ்ரீரங்கராயர் அந்த உரிமையைப் புதுப்பித்துக் கொடுத்தார். சாசனம் எழுதப்பட்டது சந்திரகிரி ராஜ மகாலில்தான் என்று ஊரில் உறுதியாகச் சொல்கிறார்கள். எந்த அறையில் என்று வாதிடுவதைவிட முக்கியமானது வேறு. அழிந்துகொண்டிருந்த ஒரு பேரரசு போகிற போக்கில் கொடுத்த துண்டு நிலம்தான் இன்றைய சென்னை.

ராஜ மகால் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. மூன்று அடுக்கு. கல், செங்கல், சுண்ணாம்புச் சாந்து மட்டுமே கொண்டு, மரமே சேர்க்காமல் கட்டியிருக்கிறார்கள். கீழே முஸ்லிம் பாணி வளைவுகள், உச்சியில் கோயில் விமானம் போன்ற சிகரங்கள். உள்ளே இந்தியத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். குடிமல்லம், கண்டிக்கோட்டை, யாகந்தி போன்ற ஊர்களின் சிற்பங்களும் செப்புத் திருமேனிகளும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறை. சற்றுத் தள்ளி இரண்டு அடுக்கு ராணி மகால். பெயர்தான் ராணிக்கு. அங்குள்ள கல்வெட்டைப் பார்த்தால், படைத்தலைவர் இருந்த இடமாகத் தெரிகிறது. பின்னால் கோட்டைக்குத் தண்ணீர் தந்த கிணறு.

குறை மகால்களில் இல்லை, சுற்றிலும் இருக்கிறது. கோட்டைக்குள் எட்டுக் கோயில்கள் சிதைந்து கிடக்கின்றன. பின்னால் சுமார் 600 அடி உயரத்துக்கு எழும் பாறைக் குன்று. புல்தரையும் இரண்டு மாளிகையும் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். இது ஒரு ஊராக இருந்தது என்ற எண்ணமே யாருக்கும் வருவதில்லை.

சான் ஜிமிஞானோவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். 1348இல் கொள்ளைநோய் அந்த ஊரைப் பாதியாக்கியது. 1353இல் அது பிளாரன்சுக்குப் பணிந்தது. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் பணம் இல்லை. வறுமைதான் அதைக் காப்பாற்றியது என்று சொல்லலாம். ஆனால் மக்கள் மதிலை விட்டுப் போகவில்லை. இன்றும் உள்ளே குடியிருக்கிறார்கள், துணி காயப்போடுகிறார்கள். சந்திரகிரியிலோ, அரசர் போனதும் கோட்டையின் உயிரும் போய்விட்டது. ஊர் மதிலுக்கு வெளியே வளர்ந்தது. உள்ளே நினைவுச் சின்னம் மட்டும் மிஞ்சியது.

போன உயிரைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மதிப்பைக் கொண்டுவரலாம். கோயில் இடிபாடுகளுக்குச் செல்ல ஒழுங்கான பாதை, ஒவ்வொன்றின் முன்பும் தெலுங்கோடு தமிழிலும் நான்கு வரி விளக்கம், திருப்பதியிலிருந்து அரைநாள் பேருந்து. ஆந்திர அரசுக்கு இது பெரிய செலவல்ல. தமிழர்களுக்கும் பங்கு உண்டு. 2004இலிருந்து ஆகஸ்ட் 22ஆம் தேதியைச் சென்னையின் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறோம். கண்காட்சி, சொற்பொழிவு, நடைப்பயணம் எல்லாம் உண்டு. அந்த வாரத்தில் ஒரு பேருந்தாவது சந்திரகிரிக்குப் போகலாமே.

மாலையில் ரேணிகுண்டா நடைமேடையில் அதே கூட்டம், மொட்டைத் தலைகளோடும் லட்டுப் பைகளோடும் சென்னை ரயிலுக்குக் காத்திருக்கிறது. பெருமாளைப் பார்த்த நிறைவு எல்லா முகங்களிலும். தாங்கள் திரும்பிப் போகும் ஊருக்கு உரிமை எழுதிக்கொடுத்த அரசின் மாளிகை 25 கி.மீ. தொலைவில் நிற்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.