தையல் போட்ட வயிற்றை யார் பார்ப்பது?

வானொலியில் மருத்துவ நேரம் நடத்தும்போது, நேயர்கள் பெயர் சொல்லாமல் அனுப்பும் கேள்வி ஒன்று அடிக்கடி வரும். “நாளைக்கு எனக்கு வயிற்றில் ஆபரேஷன். வீட்டிலேயே ரேசரால் சவரம் செய்துகொண்டு போகலாமா?”

வேண்டாம். ரேசர் கண்ணுக்குத் தெரியாத கீறல்களை உண்டாக்கும். கிருமிகளுக்கு அது போதும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி சவரமே கூடாது என்கிறது. முடியை எடுத்தே ஆகவேண்டும் என்றால் மருத்துவமனையில் கிளிப்பரால் வெட்டிவிடுவார்கள். நாம் சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டுப் போனால் சரி.

வயிற்று அறுவை சிகிச்சையில், முக்கியமாகக் குடலைத் திறக்கும்போது, புண்ணில் கிருமி தொற்றும் வாய்ப்பு அதிகம். அந்தக் கிருமிகள் நம் குடலுக்குள்ளேயே குடியிருப்பவைதானே! கத்தி வைப்பதற்கு முந்திய 2 மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி போடுவது அதற்காகத்தான். வீட்டுக்கு வரும்போது மாத்திரை தரவில்லையே என்று சிலர் கோபப்படுவார்கள். தொற்று இல்லாதபோது அதைத் தொடர்வதால் பலனில்லை என்பதால்தான் தருவதில்லை.

இந்தியா உட்பட 7 நாடுகளில் 13,000க்கும் அதிகமான நோயாளிகளிடம் நடந்த ஆய்வு ஒன்று 2022இல் வெளிவந்தது. வயிற்றைத் தைத்து மூடும் முன் கையுறைகளையும் கருவிகளையும் புதிதாக மாற்றிப் பார்த்தார்கள். புண்ணில் தொற்று வந்தவர்கள் நூற்றுக்கு 19 பேர் என்பது 16 ஆகக் குறைந்தது. கையுறை மாற்றுவது எவ்வளவு சின்ன வேலை!

அதெல்லாம் மருத்துவர்கள் கையில். நம் கையில் இருப்பது இனிப்புநீர். மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய 6 பேரில் ஒருவருக்கு அது இருக்கிறது. இந்தியர்களிடம் இன்னும் அதிகம். சர்க்கரை ஏறியிருந்தால் கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும், புண்ணும் ஆறாது. ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்த அன்றே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரத் தொடங்குவது நல்லது. சிகரெட்டையும் 4 வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும்.

பிறகு வீடு. பலருக்குத் தொற்று தலைகாட்டுவது இங்கேதான், ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில். மருத்துவர் அருகில் இல்லை. பார்க்க வருகிற சொந்தபந்தம் மட்டும் நிறைய.

என் பெரியம்மாவுக்குக் குடலில் அறுவை சிகிச்சை. வீடு திரும்பிய மூன்றாம் நாள், யாரோ சொன்ன கைமருந்தாகத் தையல்மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டார். அண்ணி துணி துவைக்கும்போது கைலியில் மஞ்சள் கறையைப் பார்த்தார். மஞ்சள்தான் என்று விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து, குளிர்க்காய்ச்சலில் பெரியம்மா நடுங்கியபோதுதான் தெரிந்தது, கறை சீழ் என்று. புண்ணைத் திறந்துவிட்டுக் கழுவினார்கள். மூன்று வாரம் தினமும் கட்டு மாற்றினார்கள்.

“ஏன்மா முன்னாடியே சொல்லலை?” என்று அண்ணன் கேட்டார். “மகன்கிட்ட வயித்தைத் தொறந்து காட்டுறதா?” என்றார் பெரியம்மா.

இந்த வெட்கத்துக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் கிடையாது. அதனால் வீடு திரும்பும் முன்பே, தினமும் புண்ணை யார் பார்ப்பது என்று பேசி முடிவு செய்துவிடுங்கள். மகள், மருமகள், கணவர், யாராக இருந்தாலும் சரி. கையை சோப்பால் கழுவிவிட்டுப் பார்க்க வேண்டும். மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் வேண்டாம். தினமும் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்தால், சிவப்பு பரவுகிறதா என்று ஒப்பிடலாம். தையலைச் சுற்றி வீக்கம், சூடு, நாளுக்கு நாள் கூடும் வலி, சீழ், துர்நாற்றம், காய்ச்சல், தையல் பிரிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். 30 நாள்வரை இந்தக் கவனம் தேவை. வீட்டில் யாரிடமும் காட்டக் கூச்சமாக இருந்தால், அரசாங்க கிளினிக்கில் கட்டு மாற்றும் மிஸ்ஸியிடம் காட்டலாம்.