வராத பதினோரு பேர்

கடை வைத்திருப்பவருக்கு வியாபாரம் படுத்துவிட்டால் மழையைச் சொல்லலாம், மாதக் கடைசியைச் சொல்லலாம், எதிரே புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டைச் சொல்லலாம். வீட்டுக் கூடத்தில் நாலு பெண்களை உட்காரவைத்துப் பொருள் விற்கும் பெண்ணுக்கு அந்த ஆறுதல் கிடையாது. வாங்காமல் எழுந்து போனவர் சொந்த நாத்தனார். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தவர் எதிர் ஃப்ளாட்காரர். போனை எடுக்காதவர் பிள்ளையோடு படிக்கும் பையனின் அம்மா. 'இந்த டப்பா வேண்டாம்' என்று அவர்கள் சொன்னது, 'நீ வேண்டாம்' என்று சொன்னதாகவே இவள் காதில் விழுகிறது.

பாத்திரமோ, அழகு சாதனமோ, சத்துமாவோ, வீட்டு பார்ட்டி வைத்து விற்கும் பெண்களோடு கொஞ்ச நேரம் மனம்விட்டுப் பேசினால் இந்த வலிதான் முதலில் வெளியே வரும். பணம் நஷ்டமான கதை அப்புறம்தான். மாதாமாதம் நடக்கும் மீட்டிங்கில் இதற்குக் கொடுக்கப்படும் மருந்து எப்போதும் ஒன்றே: பாசிட்டிவாக யோசி, இன்னும் பத்து பேரைக் கூப்பிடு, உன் கனவைப் பெரிதாக்கு. அந்த மருந்து நோயை வளர்க்கிறது என்பது என் கட்சி. இந்த ஏமாற்றத்துக்குக் காரணம் பெண்ணின் மன உறுதிக் குறைவு என்று நான் நம்பவில்லை. இந்தத் தொழிலின் அமைப்பிலேயே அது இருக்கிறது. நோட்டை எடுத்து வரவு செலவு எழுதிப் பார்த்தால் வெளிச்சமாகத் தெரியும்.

இந்தத் தொழிலுக்குப் பெரிய முகம் கொடுத்தது டப்பர்வேர். எர்ல் டப்பர் என்ற அமெரிக்கர் 1940-களில் பாலிஎதிலீன் பிளாஸ்டிக்கில் காற்றுப் புகாத மூடிபோட்ட கிண்ணங்களைச் செய்தார். கடைகளில் வைத்தார், சரியாகப் போகவில்லை. மூடியை எப்படி மூடுவது என்றே வாங்க வந்தவர்களுக்குத் தெரியவில்லை. நடுவில் அழுத்தி, ஓரத்தை லேசாகத் தூக்கி, உள்ளே இருக்கும் காற்றை 'புஸ்'ஸென்று வெளியே விட்டு மூட வேண்டும். இதை ஒருவர் எதிரே உட்கார்ந்து செய்துகாட்டினால்தான் பொருளின் அருமை தெரியும்.

அப்படிச் செய்துகாட்டியவர்களில் ஒருவர் பிரவுனி வைஸ். விவாகரத்து ஆகி, ஒரே மகனைத் தனியாக வளர்த்தவர். டெட்ராய்ட் பக்கம் செயலாளர் வேலை பார்த்துக்கொண்டே ஸ்டான்லி ஹோம் ப்ராடக்ட்ஸ் நிறுவனத்தின் பிரஷ், துடைப்பான் வகையறாவை வீட்டு பார்ட்டிகளில் விற்று வந்தார். அங்கே மேலே வர ஆசைப்பட்டபோது, நிர்வாகம் பெண்ணுக்கு ஏற்ற இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதன் பிறகுதான் டப்பரின் கிண்ணங்களில் முழுமூச்சாக இறங்கினார். கிண்ணத்தில் பழரசத்தை ஊற்றி, மூடி, அறையின் குறுக்கே தூக்கி வீசிக் காட்டுவார். ஒரு சொட்டு சிந்தாது. அவருடைய விற்பனையைப் பார்த்த டப்பர், 1951-ல் சரக்கைக் கடைகளிலிருந்து விலக்கி, இனி வீட்டு பார்ட்டிதான் ஒரே வழி என்று முடிவெடுத்து, அந்தப் பிரிவுக்கு வைஸைத் துணைத் தலைவராக்கினார். 1954-ல் 'பிசினஸ் வீக்' இதழின் அட்டையில் வந்த முதல் பெண் என்ற பெயரும் அவருக்குக் கிடைத்தது.

புளோரிடாவின் கிஸ்ஸிமியில் ஆண்டுதோறும் விற்பனையாளர்களுக்கு விழா எடுத்தார் வைஸ். ஒரு விழாவில் பரிசுகளை மண்ணில் புதைத்துவைத்து, பெண்கள் கையில் மண்வெட்டியைக் கொடுத்துத் தோண்டச் சொன்னார்கள். டப்பர் முதன்முதலில் சோதனை செய்த கறுப்பு பிளாஸ்டிக் கட்டி ஒன்றுக்கு 'பாலி' என்று பெயர் வைத்து, அதைத் தொட்டு வேண்டிக்கொண்டு பிறகு கடுமையாக உழையுங்கள் என்பார். அந்தப் பெண்களின் சந்தோஷத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். வீட்டுக்குள் எத்தனை வேலை செய்தாலும் ஒரு நல்ல வார்த்தை கேட்காதவளை மேடையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைதட்டினால் அவளுக்கு எப்படி இருக்கும் என்பது நமக்கும் தெரியும். நம் ஊரில் இந்தத் தொழிலுக்குள் பெண்களை இழுத்து வருவதில் கமிஷனுக்குச் சமமான பங்கு அந்தக் கைதட்டலுக்கும் உண்டு.

1958-ல் டப்பர் அந்த பிரவுனி வைஸையே வேலையை விட்டு அனுப்பினார். நிறுவனத்தில் அவர் பெயரில் ஒரு பங்குகூட இல்லை. கடைசியில் கையில் வந்தது சுமார் 30,000 டாலர், ஏறக்குறைய ஓராண்டுச் சம்பளம். அதே ஆண்டு டப்பர் நிறுவனத்தை 1.6 கோடி டாலருக்கு ரெக்ஸால் கம்பெனிக்கு விற்றார். வைஸ் பிறகு அழகு சாதனப் பொருட்களுக்குத் தனியாக ஒரு வீட்டு பார்ட்டி நிறுவனம் தொடங்கிப் பார்த்தார், எடுபடவில்லை. உற்சாகத்துக்கு அவரைவிடப் பெரிய உதாரணம் இந்தத் தொழிலில் இல்லை. அந்த உற்சாகம் அவரையே காப்பாற்றவில்லை. எழுத்தில் ஒரு பங்குப் பத்திரம் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கும்.

டப்பர்வேர் இந்தியாவுக்கு வந்தது 1996-ல். அந்தச் சில ஆண்டுகளிலேயே வேறு பல நேரடி விற்பனை நிறுவனங்களும் வந்தன. சென்னை அபார்ட்மென்டுகளில் கிட்டி பார்ட்டியும் டெமோவும் ஒன்றாகக் கலந்த காலம் அது.

மடிப்பாக்கத்தில் இருக்கும் என் தோழி சமையலறைப் பாத்திரம் விற்கும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தவள். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்துத் தெரு வீடு ஒன்றில் அவளுடைய டெமோவுக்கு நானும் போயிருந்தேன். டீப்பாய் மேல் புதுத் துணி விரித்து டப்பாக்களை அளவுவாரியாக அடுக்கியிருந்தாள். ஒரு வாரத்துக்கு முன்பே கொத்தமல்லிக் கட்டை டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்து, அது வாடாமல் இருப்பதைக் காட்ட எடுத்து வந்திருந்தாள். பக்கத்திலேயே வெறும் கவரில் வைத்த இன்னொரு கட்டு, கறுத்துப் போயிருந்தது. வீட்டுக்காரம்மா கேசரியும் சுண்டலும் செய்துவைத்திருந்தார். வாட்ஸ்அப்பில் 'கண்டிப்பா வரேன் அக்கா' என்று பதில் போட்டவர்கள் பதினைந்து பேர். நாலு மணிக்கு ஆரம்பிக்க வேண்டியது. லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் தோழி வாசலைப் பார்த்தாள். நாலேமுக்கால்வரை வந்தது நாலு பேர். அதில் ஒருவர் கொத்தமல்லி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி ஆன்லைன்ல கம்மியா வருதே" என்றார். தோழியின் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது.

அன்று இரவு போன் செய்தாள். "என்னைப் பிடிக்கலையாடி அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

வராத பதினோரு பேரின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, ஒரு வாரம் கழித்து, விற்கும் பேச்சே எடுக்காமல் ஒவ்வொருவரிடமும் காரணம் கேட்கச் சொன்னேன். கேட்டாள். நாலு பேருக்கு அது மாதக் கடைசி, கையில் காசில்லை. மூன்று பேர் வீட்டில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. இரண்டு பேர் அவளுடைய முந்தைய பார்ட்டியிலேயே வேண்டியதை வாங்கிவிட்டிருந்தார்கள். ஒருவருக்கு ஊரிலிருந்து மாமியார் வந்துவிட்டார். பாக்கி ஒருவர், அவளுடைய அண்ணி, உண்மையைச் சொன்னார்: "போன தடவை வேண்டாம்னப்ப மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டியேம்மா. மறுபடி எதுக்கு வரணும்னு இருந்துட்டேன்." பதினொன்றில் அவள்மேல் தவறு என்று சொல்லக்கூடியது அந்த ஒன்றுதான். அடுத்த நாளே அண்ணி வீட்டுக்குக் கேட்லாக் இல்லாமல் போய்வந்தாள். பார்ட்டியை மாதத்தின் முதல் வாரத்துக்கு மாற்றினாள், பரீட்சை மாதங்களில் நிறுத்தினாள். வேண்டாம் என்றவரிடம் மூன்று மாதம் பேச்செடுப்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள்.

அடுத்தது பணக் கணக்கு. ஒரு பார்ட்டியில் 4,000 ரூபாய்க்கு ஆர்டர் வந்தால், 25 சதவீத மார்ஜினில் அவளுக்கு 1,000. வீட்டுக்காரம்மாவுக்குப் பரிசு 250, டெமோ மூட்டையோடு போக வர ஆட்டோ 240, வீடு வீடாகப் பொருளைக் கொண்டுபோய்க் கொடுக்கப் பெட்ரோல் 110. மிச்சம் 400. போன் பேசிய சாயங்காலங்கள், டெமோ, டெலிவரி, பாக்கி வசூல் எல்லாம் சேர்த்தால் பதினைந்து மணி நேரம் ஆகிறது. மணிக்கு முப்பது ரூபாய்கூட இல்லை. முதல் தடவை இதை எழுதிப் பார்த்தபோது அவள் அழவில்லை, ஒரு பெருமூச்சு விட்டாள். தன் திறமைக் குறைவு என்று அத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தது வெறும் பெருக்கல் கழித்தல் என்று தெரிந்துவிட்டது.

இதைவிட மோசமானது மாதக் கடைசி டார்கெட். அடுத்த கமிஷன் ஸ்லாபுக்கு 3,000 ரூபாய் குறைகிறது, நீங்களே எடுத்துவிடுங்கள், அடுத்த மாதம் விற்றுக்கொள்ளலாம் என்று மேலே இருப்பவர் சொல்வார். பரிசும் கைதட்டலும் கண் முன்னே இருக்கும்போது மறுப்பது கஷ்டம். அப்படி எடுத்த சரக்கு பரணில் ஏறும், கணவரின் கண்ணில் படாமல் துணி போட்டு மூடி வைக்கப்படும். நான் பார்த்தவரை இந்தத் தொழிலில் பெண்கள் நொடிந்துபோவது பார்ட்டிக்கு ஆள் வராததால் இல்லை, இந்தப் பரணால்தான். விற்காத பொருளை வாங்கி எட்டிய டார்கெட் விற்பனை ஆகாது, கடன்தான் ஆகும். வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

இப்படிக் கையில் காசு தங்காமல் போவது நம் ஊர்ப் பெண்களுக்கு மட்டும் நடப்பதில்லை. ஆள் சேர்த்து விற்கும் நிறுவனங்கள் தாங்களே வெளியிட்ட 70 வருமான அறிக்கைகளை அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் ஆராய்ந்து 2024-ல் ஓர் அறிக்கை தந்தது. அந்த நிறுவனங்களில் சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்டுக்கு 1,000 டாலரோ அதற்கும் குறைவாகவோதான் பெற்றார்கள் என்கிறது அது. மாதத்துக்கு 84 டாலர்கூடத் தேறாது. அதிலும் செலவைப் பெரும்பாலான அறிக்கைகள் கழிக்கவே இல்லை. மூத்த குடிமக்களுக்கான ஏ.ஏ.ஆர்.பி. அறக்கட்டளை 2018-ல் நடத்திய ஆய்வில் இத்தகைய நிறுவனங்களில் சேர்ந்தவர்களில் 47 சதவீதம் பேர் பணத்தை இழந்திருந்தார்கள். லாபம் பார்த்தவர்கள் கால்வாசிப் பேர். மீட்டிங் மேடையில் நிற்பவர்கள் பெரும்பாலும் அந்தக் கால்வாசிக்குள் இருப்பவர்களாகத்தான் இருப்பார்கள். கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மற்றவர்கள் தங்களுக்கு மட்டும்தான் கைகூடவில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

போட்டி எங்கிருந்து வருகிறது என்பதையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். என் தோழியின் பார்ட்டிக்கு வந்த பி பிளாக் பெண்ணை அவளுடைய மேனேஜரே இன்னொரு விற்பனையாளராகச் சேர்த்தார். அறுபது ஃப்ளாட் உள்ள அபார்ட்மென்டில் இரண்டு பேர். யார் விற்றாலும் மேனேஜருக்குக் கணக்கில் ஏறும். இவர்கள் இருவருக்கும் இருப்பது அதே அறுபது வீடு. நாலு மாதம் இருவரும் லிஃப்டில் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நவராத்திரிக்குச் சுண்டல் கொடுக்கப் போன சாக்கில் என் தோழிதான் பேச்சை ஆரம்பித்தாள். "அக்கா, ஏ பிளாக் நான் பார்த்துக்கறேன், பி பிளாக் நீங்க பாருங்க. டெமோ செட்டு ஒண்ணு இருந்தா போதும், மாத்தி மாத்தி எடுத்துக்கலாம்." அந்த அக்கா உடனே ஒப்புக்கொண்டார். அவருக்கும் இரண்டு டெமோ செட்டுக்குப் போட்ட பணம் உறுத்திக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணை எதிரியாக்கியது யார் என்று இருவரும் உட்கார்ந்து பேசினாலே பாதி சண்டை தீர்ந்துவிடும்.

ஆன்லைன் விலையோடு மோத முடியாது, மோதவும் வேண்டாம். அது எத்தனை பெரிய நிறுவனத்தையும் அசைத்துவிடுகிறது. தன் சரக்கைக் கடையிலிருந்து எடுத்த டப்பர்வேரே 2022-ல் அமெரிக்காவின் 'டார்கெட்' என்ற சங்கிலிக் கடைகளுக்குத் திரும்பிப் போனது. 2024 செப்டம்பரில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றத்துக்கும் போனது. விலையில் தோற்கும் பெண்ணிடம் இன்னும் மிச்சமிருப்பது பழுது பார்க்கும் உறவு. மூடி விரிந்துவிட்டது, வாஷர் தொலைந்துவிட்டது என்று வருபவருக்கு முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுப்பவளிடம்தான் அடுத்த ஆர்டரும் வருகிறது. என் தோழியின் ஆர்டர்களில் பெரும்பகுதி இப்போது பார்ட்டி இல்லாமல் இப்படி வருவதுதான்.

சட்டமும் பக்கபலமாக இருக்கிறது. நேரடி விற்பனைக்கான மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் 2021 டிசம்பரில் வந்தன. ஆள் சேர்ப்பதற்காகப் பணம் புரளும் பிரமிட் திட்டங்களை அவை தடை செய்கின்றன. விற்பனையாளரோடு நிறுவனம் எழுத்தில் ஒப்பந்தம் போட வேண்டும். அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் யார் வீட்டுக்கும் போய் விற்கக் கூடாது. இந்தக் கடைசி விதி விற்பவளுக்குத் தொந்தரவு என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கேட்டுவிட்டுப் போனால் அவமானப்பட்டுத் திரும்ப வேண்டியதில்லை.

சேரலாமா என்று யோசிப்பவர்கள், கூப்பிடுபவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். போன மாதம் செலவெல்லாம் போக உங்கள் கைக்கு எவ்வளவு வந்தது? அதில் பொருள் விற்று வந்தது எவ்வளவு, ஆள் சேர்த்து வந்தது எவ்வளவு? விற்காத சரக்கை நிறுவனம் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? நோட்டைத் திறந்து காட்டுபவரோடு தாராளமாகச் சேரலாம். ஏற்கனவே உள்ளே இருப்பவர்கள் இன்று ராத்திரியே ஒரு நோட்டு போட்டு, பரணில் இருக்கும் சரக்கையும் மறைக்காமல் முதல் பக்கத்தில் எழுதுங்கள். ஆறு மாதம் எழுதியும் கழித்தலே மிஞ்சினால், இருக்கும் சரக்கை அசல் விலைக்குத் தள்ளிவிட்டு வெளியே வாருங்கள். வெளியே வந்த பிறகும் அண்ணி அண்ணிதான், எதிர் ஃப்ளாட்காரர் எதிர் ஃப்ளாட்காரர்தான்.