விற்பதும் பகிர்வதும்: ஒரே மென்பொருளுக்கு இரு வழிகள்

இருபது ஆண்டுகளுக்கு முன்னர் கண்டி நகரின் கடைத்தெருக்களில் நடந்தவர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. சில நூறு ரூபா கொடுத்தால், ஆயிரக்கணக்கான டொலர் பெறுமதியான மென்பொருள்கள் அனைத்தும் ஓர் இறுவட்டில் கிடைத்தன. வாங்கியவரும் அதைத் திருட்டு என்று கருதவில்லை, விற்றவரும் கருதவில்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் நூல்களுக்கு நிகராகப் பதிப்புரிமைக்குட்பட்ட ஆக்கங்களின் வரிசையில் வைத்துப் பாதுகாக்கின்றது. ஆனால் சட்டம் வந்தவுடன் பழக்கம் மாறிவிடுவதில்லை என்பது நாம் அறிந்ததே.

அக்காலத்தில் காசு கொடுத்து முறையாக வாங்கியவர்களின் நிலைமை மட்டும் மேலானதாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. எனக்கு நன்கு தெரிந்த அச்சகமொன்று தமிழ்ப் பக்க வடிவமைப்புக்கென ஒரு மென்பொருளை நல்ல விலைக்கு வாங்கியது. கணினியின் பின்புறத்தில் ஒரு சிறு பூட்டுச் சாதனத்தைச் செருகினால்தான் அது இயங்கும். சில ஆண்டுகளில் விற்றவர் தொழிலையே கைவிட்டுவிட்டார். கணினியை மாற்றியபோது பூட்டு வேலை செய்யவில்லை. எழுத்துருவின் குறியீட்டு முறையும் அவருக்கே உரியது. கலியாண அழைப்பிதழ்கள், பாடசாலை மலர்கள், கோயில் திருவிழா மலர்கள், பள்ளிவாசல் வெளியீடுகள் என்று பல்லாண்டுக் கால உழைப்பு ஒரு வன்தட்டிலேயே முடங்கிப் போயிற்று. அவற்றில் ஒரு பகுதியை மீண்டும் தட்டச்சுச் செய்ய நேரிட்டது. மென்பொருளின் உரிமம் என்பது சட்டத்தரணிகளுக்கு மட்டும் உரிய விடயமன்று என்பதை நான் அன்றுதான் உணர்ந்தேன்.

உரிமம் என்பது, ஆக்கியவர் தமது பதிப்புரிமையைக் கைவிடாமலேயே பிறருக்கு வழங்கும் அனுமதியாகும். வணிக மென்பொருளில் அந்த அனுமதி பெரும்பாலும் இயக்குவதோடு முடிந்துவிடும். நிரலை எழுதிய மூலவடிவம் வாங்கியவர் கைக்கு வருவதில்லை. திறந்த மூல மென்பொருளில் மூலநிரலைப் பார்க்கவும், திருத்தவும், பிறருக்கு வழங்கவும் அனுமதியுண்டு. இதனை உரிமையாளர் அற்ற பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. வக்பு செய்யப்பட்ட கிணற்றில் எவரும் நீர் அள்ளலாம். அதற்காக வக்பு செய்தவர் விதித்த நிபந்தனைகள் இல்லாமற் போய்விடுவதில்லை.

அந்த நிபந்தனைகள் இருவகைப்படும். ஜி.பி.எல். எனப்படும் உரிமத்தின் கீழ் வந்த நிரலைத் திருத்திப் பிறருக்கு வழங்குபவர், பெறுபவருக்கு மூலநிரலையும் அதே உரிமத்தின் கீழ் வழங்கக் கடமைப்பட்டவர். அப்பாச்சி உரிமம் அவ்வாறன்று. உரிமை அறிவித்தல்களைப் பேணினால் போதும். அந்நிரலை மூடிய வணிகப் பொருளொன்றினுள் சேர்த்து விற்கவும் தடையில்லை. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் வணிகத்தின் வழிகளும் பிரிகின்றன.

இவ்விடயத்தில் நமது நாட்டுக்குச் சொல்லத்தக்க வரலாறு உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியின் பின்னர், காணாமற் போனோர், முகாம்கள், நிவாரணத் தேவைகள் ஆகியவற்றைப் பதிவு செய்வதற்காக இலங்கைத் தன்னார்வலர்கள் 'சஹானா' என்ற மென்பொருளை எழுதினர். லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் அதற்குத் துணை நின்றது. திறந்த மூலமாக இருந்தமையால், 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும், 2010இல் ஹெயிட்டியிலும் அதனைப் பயன்படுத்த முடிந்தது. ஆனால் பேரிடர் வேளையில் நித்திரை விழித்து எழுதும் தன்னார்வலரால் ஆண்டு முழுவதும் சம்பளமின்றி எழுத இயலாது. நிரலைப் பகிர்ந்துகொண்டே அதனை எழுதுபவருக்குச் சம்பளம் கொடுப்பது எவ்வாறு?

ஏறத்தாழ அதே காலத்தில் இக்கேள்விக்கு ஒரு விடை கொழும்பில் உருவாகியது. ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் பணியாற்றியவரும், லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனுடன் தொடர்புடையவருமான கலாநிதி சஞ்சீவ வீரவரண, போல் ஃபிரிமன்டில், தவனம் ஸ்ரீனிவாஸ் ஆகியோருடன் இணைந்து 2005இல் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தை ஆரம்பித்தார். பெரிய நிறுவனங்களின் பல்வேறு கணினி முறைமைகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் மென்பொருளை அது அப்பாச்சி உரிமத்தின் கீழ் வெளியிட்டது. நிரலை எவரும் இலவசமாக எடுக்கலாம். பணம் பெற்றது அதனைத் தாங்கிநிற்கும் சேவைக்கே. நள்ளிரவில் முறைமை முடங்கினால் தொலைபேசியை எடுப்பதற்கு ஒருவர் வேண்டும், பாதுகாப்புக் குறை கண்டறியப்பட்டால் பரிசோதிக்கப்பட்ட திருத்தம் உடனே வேண்டும் என்று விரும்பும் வாடிக்கையாளர் ஆண்டுச் சந்தா செலுத்தினர். ஈபே போன்ற நிறுவனங்களும் அந்த வாடிக்கையாளர்களுள் அடங்கும்.

காலப்போக்கில் இம்முறையிலும் ஒரு மாற்றம் வந்தது. வெளியீடுகளின் மூலநிரல் திறந்தே இருக்க, இடைக்காலத் திருத்தங்களைத் தொகுத்துப் பரிசோதித்து வழங்கும் பொதிகள் சந்தாதாரருக்கென வணிக உரிமத்தின் கீழ் வழங்கப்பட்டன. திறந்த மூலமும் வணிகமும் ஒரே கூரையின் கீழ் வாழும் ஏற்பாடு இது. 2024இல் ஐரோப்பாவின் ஈ.க்யூ.டி. முதலீட்டு நிறுவனம் டபிள்யூ.எஸ்.ஓ.2 ஐக் கொள்வனவு செய்வதாக அறிவிக்கப்பட்டபோது, அதன் பெறுமதி 600 மில்லியன் டொலருக்கும் மேலென்று செய்திகள் வெளியாகின. நிரலை இலவசமாகக் கொடுப்பவன் பிழைக்கமாட்டான் என்போருக்கு இந்தத் தொகையே பதில்.

மற்றொரு வழி, ஒரே நிரலுக்கு இரண்டு உரிமங்கள் வழங்குவது. சுவீடனின் மைஎஸ்க்யூஎல் நிறுவனம் தனது தரவுத்தள மென்பொருளை ஜி.பி.எல். உரிமத்தில் அனைவருக்கும் வழங்கியது. தனது மூடிய பொருளினுள் அதனைச் சேர்த்து விற்க விரும்பிய கம்பனிக்கோ மூலநிரலை வெளியிட மனமில்லை. அத்தகையோர் வணிக உரிமத்தைப் பணம் கொடுத்துப் பெற்றனர். இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. நிரல் முழுவதன் பதிப்புரிமையும் தன் கையில் இருந்தால் மாத்திரமே ஒருவர் இவ்வாறு இரண்டு உரிமங்கள் வழங்க முடியும். எனவே வெளியார் எவரேனும் திருத்தம் அனுப்பினால், அதன் உரிமையைக் கையளிக்கும் உடன்படிக்கையிலும் அவர் ஒப்பமிட வேண்டியிருந்தது. 2008இல் சன் நிறுவனம் சுமார் ஒரு பில்லியன் டொலருக்கு மைஎஸ்க்யூஎல்லை வாங்கியது. 2010இல் சன்னை ஒரக்கிள் வாங்கியது. தமது குழந்தை போட்டியாளர் வீட்டுக்குப் போவதைக் கண்ட முதல் ஆசிரியர் மைக்கேல் வைடெனியஸ், ஜி.பி.எல். தந்த உரிமையைக் கொண்டே 2009இல் மரியாடிபி என்ற கிளையைத் தொடங்கினார். நிரல் பிழைத்தது, பெயர்தான் மாறியது.

ஆயினும் இந்தக் கூட்டுக் குடித்தனம் எப்போதும் அமைதியானதாக இருந்ததில்லை. அமேசன் போன்ற பெரும் மேகக்கணினி நிறுவனங்கள், பிறர் எழுதிய திறந்த மூல மென்பொருளைத் தமது சேவையாக வாடகைக்கு விட்டு இலாபம் ஈட்டுவதாக அதை எழுதிய கம்பனிகள் முறையிட்டன. மொங்கோடிபி 2018இலும், இலாஸ்டிக் 2021இலும், ஹாஷிகோர்ப் 2023இலும், ரெடிஸ் 2024இலும் தமது உரிமங்களை இறுக்கின. பயன்படுத்துவோர் சும்மா இருக்கவில்லை. ஓபின்சேர்ச், ஓபின்டோஃபு, வால்கி என்று கிளைகள் முளைத்தன. இலாஸ்டிக் 2024இலும் ரெடிஸ் 2025இலும் திறந்த மூல உரிமமொன்றை மீண்டும் தமது தெரிவுகளில் சேர்த்துக்கொண்டன. இதில் எவர் பக்கம் நியாயம் என்பது விவாதத்துக்குரியது. என் கணிப்பில், கம்பனிகளின் முறைப்பாட்டில் உண்மை உண்டு. ஆனால் திறந்த கதவைக் காட்டி ஊரை அழைத்துவிட்டு, கூட்டம் சேர்ந்தபின் நுழைவுச்சீட்டு விற்பது நம்பிக்கையைக் குலைக்கும்.

கண்டியிலிருந்து நோக்குவோருக்கு இவையெல்லாம் தூரதேசத்துச் சண்டையாகத் தோன்றலாம். அப்படியல்ல. பேராதனையில் கணினிப் பொறியியல் பயின்று வெளியேறும் இளைஞன் ஒருவன், அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, கம்பளைப் பகுதிக் கடைகளுக்கென மும்மொழிகளிலும் சிட்டை எழுதும் விற்பனை மென்பொருளொன்றை உருவாக்குகின்றான் என்று வைத்துக்கொள்வோம். அதன் தரவுத்தளமும் எழுத்துருவும் வேறு எத்தனையோ துணைநிரல்களும் பிறர் எழுதிய திறந்த மூலப் பொருள்களே. அவற்றுள் ஜி.பி.எல். நிரலொன்றைத் தன் நிரலோடு பிணைத்துக் கடைக்காரருக்கு வழங்கினால், தனது மூலநிரலையும் அவர் கேட்கும்போது கொடுக்க வேண்டிவரும். அப்பாச்சி உரிமத்திலுள்ள ஒன்றைப் பயன்படுத்தினால் அந்நிலை இல்லை. இதனை முதல் நாளே பார்ப்பவன் தப்பித்துக்கொள்வான். வெளிநாட்டு வாடிக்கையாளரின் சட்டத்தரணி வந்து கேட்கும்வரை காத்திருப்பவன் முழுவதையும் மீண்டும் எழுத நேரிடும்.

பகலில் ஒரு கம்பனியில் தொழில் புரிந்துகொண்டு இரவில் சொந்தமாக எழுதுவோரும் நம்மிடையே பலர். ஊழியர் தமது கடமையின் பகுதியாக எழுதும் நிரலின் உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிடின், தொழில்தருநரையே சாரும். தனது என்று உறுதியில்லாத நிரலுக்குத் திறந்த உரிமமும் வழங்க இயலாது, வணிக உரிமமும் வழங்க இயலாது. ஆகவே நியமனக் கடிதத்தை ஒருமுறை எடுத்து வாசிப்பது நன்று.

வாங்குவோர் பக்கமும் ஒரு சொல். பாடசாலை அபிவிருத்திச் சங்கங்கள், பள்ளிவாசல் நிர்வாக சபைகள், கோயில் அறங்காவலர்கள், சிறு வணிகர்கள் ஆகியோர் மென்பொருள் செய்விக்கும்போது விலையை மட்டுமே பேசுகின்றனர். மூலநிரலின் பிரதி எங்கே வைக்கப்படும், தரவுகளை எந்த வடிவத்தில் வெளியே எடுக்கலாம், எழுதியவர் நாட்டைவிட்டுச் சென்றால் அல்லது தொழிலைக் கைவிட்டால் வேறொருவர் அதனைத் திருத்த அனுமதியுண்டா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒப்பந்தத்தில் எழுத்து மூலம் பதில் இருக்க வேண்டும். மேலே சொன்ன அச்சகத்தார் பின்னர் ஒருங்குறிக்கும், திறந்த உரிமத்தில் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்களுக்கும் மாறினர். வடிவமைப்பு மென்பொருளை மட்டும் இன்றும் காசு கொடுத்தே வாங்குகின்றனர். ஆனால் ஒவ்வொரு வேலை முடிந்ததும், எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய வடிவத்தில் ஒரு பிரதியை எடுத்து வைத்த பின்னரே கணினியை மூடுகின்றனர்.