வேறுபட்டோர் கூடிய பள்ளி

நுழையும்முன்

புதிய ஊரில், புதிய பள்ளியில் சேர்ந்த முதல் நாள் உங்களுள் பலருக்கு நினைவிருக்கும். வருகைப் பதிவேட்டில் உங்கள் பெயரைப் படிக்கத் தொடங்கிய ஆசிரியர் பாதியில் தயங்கி நின்றிருக்கலாம். 'ழ'கரம் அமைந்த பெயராயின் அது வேறொரு பெயராகவே ஒலித்திருக்கும். 'நாம் மற்றவர்களைப் போன்றவர் அல்லரோ!' என்னும் எண்ணம் அன்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். அவ்வெண்ணத்தையே கருவாகக் கொண்டு தோன்றிய படக்கதை வரிசை ஒன்று அமெரிக்காவில் உண்டு. அதுவே எக்ஸ்-மென். வால்வரின், ஸ்டார்ம் முதலிய வீரர்களைத் திரைப்படங்களில் கண்டிருப்பீர்கள். அவர்களைப் படைத்தவர்கள் யாவர்? அவ்வணி எவ்வாறு உருவாயிற்று? இவற்றை இப்பாடத்தில் அறிவோம்.

குடியேறியோரின் மைந்தர்

எக்ஸ்-மென் வரிசையைத் தோற்றுவித்தவர்கள் ஸ்டான் லீ, ஜாக் கிர்பி என்னும் இருவர். ஸ்டான் லீ 1922ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். அவருடைய பெற்றோர் ருமேனியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய யூதர்கள். அவர்கள் இட்ட பெயர் ஸ்டான்லி மார்ட்டின் லீபர் என்பதாகும். ஜாக் கிர்பி 1917ஆம் ஆண்டு அதே நகரில், குடியேறிய ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் பிறந்தார். அவருடைய பெற்றோர் ஆஸ்திரியாவிலிருந்து வந்த யூதர்கள். அவருடைய இயற்பெயர் ஜேக்கப் கர்ட்ஸ்பெர்க். இருவருடைய தந்தையரும் ஆடைத் தொழிலில் உழைத்துக் குடும்பத்தைக் காத்தவர்கள்.

அக்காலத்தில் படக்கதை எழுதுவது மதிப்பிற்குரிய தொழிலாகக் கருதப்படவில்லை. பிற்காலத்தில் தாம் எழுத எண்ணிய பெரிய நாவலுக்கெனத் தம் இயற்பெயரைக் காத்து வைத்ததாகவும், அதனாலேயே படக்கதைகளுக்கு ஸ்டான் லீ என்னும் சுருக்கப் பெயரைப் பயன்படுத்தியதாகவும் லீ கூறியுள்ளார். இறுதியில் அச்சுருக்கப் பெயரே உலகறிந்த பெயராக நிலைத்துவிட்டது.

கிர்பி வறுமையில் வளர்ந்து, தாமே முயன்று ஓவியம் கற்றவர். ஜோ சைமன் என்பவரோடு சேர்ந்து கேப்டன் அமெரிக்கா என்னும் வீரனைப் படைத்தார். பின்னர் இரண்டாம் உலகப் போரில் காலாட்படை வீரராகப் பிரான்சில் போரிட்டார். 1961ஆம் ஆண்டு லீயும் கிர்பியும் இணைந்து ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்னும் நால்வர் அணியைப் படைத்தனர். அதன் வெற்றியே அடுத்த அணிக்கு வழிவகுத்தது.

பிறவியிலேயே வந்த ஆற்றல்

எக்ஸ்-மென் முதல் இதழ் 1963ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு முன் தோன்றிய வீரர்களுள் சிலருக்கு ஏதேனும் ஒரு விபத்தால் ஆற்றல் கிடைத்தது. ஸ்பைடர்மேனைக் கதிரியக்கம் ஏறிய சிலந்தி கடித்தது. ஹல்க் காமாக் கதிர்களால் தாக்கப்பட்டான். எக்ஸ்-மென் வீரர்களுக்கோ எந்த விபத்தும் நேரவில்லை. அவர்கள் பிறக்கும்போதே அவ்வாறு பிறந்தவர்கள். மரபணுவில் ஏற்பட்ட மாற்றத்தால் தனி ஆற்றலோடு பிறந்த இவர்களைக் கதையில் 'மியூட்டன்ட்' என்பர். வரிசைக்கும் அப்பெயரையே சூட்ட லீ விரும்பினார். அச்சொல் வாசகருக்கு விளங்காது எனப் பதிப்பாளர் மறுத்தமையால் எக்ஸ்-மென் என்னும் பெயர் அமைந்தது.

இச்சிறு மாற்றம் கதையின் போக்கையே மாற்றியது. ஃபென்டாஸ்டிக் ஃபோர் அணியை மக்கள் போற்றினர்; எக்ஸ்-மென் அணியைக் கண்டு அஞ்சினர், வெறுத்தனர். தம்மைக் கல்லால் அடிக்க வரும் மக்களையே இவ்வீரர்கள் காக்க வேண்டியிருந்தது. எத்தவறும் செய்யாதவரைப் பிறப்பின் காரணமாகவே ஒதுக்குவது அறமா என்னும் வினாவை இக்கதை வாசகர் முன் வைத்தது.

இவ்வீரர்களுக்குப் புகலிடம் ஒரு பள்ளி. நியூயார்க் மாநிலத்தில் அமைந்ததாகக் கதை கூறும் அப்பள்ளியை நடத்துபவர் பேராசிரியர் சார்லஸ் சேவியர். அவர் சக்கர நாற்காலியில் வாழ்பவர். பிறர் மனத்தைப் படிக்கும் ஆற்றல் உடையவர். முதல் அணியில் ஐந்து மாணவர்கள் இருந்தனர். அவர்கள் சைக்ளாப்ஸ், பீஸ்ட், ஐஸ்மேன், ஏஞ்சல், மார்வெல் கேர்ள் ஆகியோர். வெறுப்போரோடும் இணங்கி வாழ வழி காண வேண்டும் என்பது சேவியரின் கொள்கை. மியூட்டன்ட்களே உலகை ஆள வேண்டும் என்பது எதிரியான மேக்னட்டோவின் கொள்கை. பின்னாளில் வந்த எழுத்தாளர் ஒருவர், மேக்னட்டோவை ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் குடும்பத்தை இழந்தவனாகக் காட்டினார். அதன்பின் வாசகரால் அவனை வெறும் கொடியவன் என ஒதுக்க இயலவில்லை.

நின்றதும் மீண்டும் எழுந்ததும்

முதல் வரிசை நெடுநாள் நிலைக்கவில்லை. லீயும் கிர்பியும் சில ஆண்டுகளில் வேறு பணிகளுக்குச் சென்றனர். விற்பனை குறைந்தது. 1970ஆம் ஆண்டு 66ஆம் இதழோடு புதிய கதைகள் நின்றன. அதன்பின் ஐந்தாண்டுகள் பழைய கதைகளே மீண்டும் அச்சிடப்பட்டன.

1975ஆம் ஆண்டு எழுத்தாளர் லென் வெய்னும் ஓவியர் டேவ் காக்ரமும் புதிய அணியொன்றைப் படைத்தனர். முதல் அணியினர் ஐவரும் அமெரிக்கர். புதிய அணியினரோ பல நாட்டவர். கதையில் சேவியர் உலகெங்கும் சென்று அவர்களைத் திரட்டுகிறார்.

ஸ்டார்ம்: இயற்பெயர் ஒரோரோ. தாய் கென்ய நாட்டவர், தந்தை அமெரிக்கர். காற்றையும் மழையையும் ஏவும் ஆற்றல் உடையவள்.

நைட்கிராலர்: இயற்பெயர் குர்ட் வாக்னர். ஜெர்மனியைச் சேர்ந்தவன். நீல நிற உடலும் வாலும் உடையவன். ஓரிடத்தில் மறைந்து மற்றோரிடத்தில் தோன்றுவான்.

கொலோசஸ்: இயற்பெயர் பியோத்தர் ரஸ்புடின். சைபீரியாவின் உழவர் குடும்பத்து இளைஞன். உடலை எஃகாக மாற்ற வல்லவன்.

வால்வரின்: கனடா நாட்டவன். காயங்கள் விரைவில் ஆறும் உடலினன். இவன் முந்தைய ஆண்டே ஹல்க் கதையொன்றில் தோன்றியவன்.

இவர்களோடு அயர்லாந்தின் பேன்ஷீ, ஜப்பானின் சன்ஃபயர், அமெரிக்கத் தொல்குடியான அப்பாச்சி இனத்தின் தண்டர்பேர்ட் ஆகியோரும் சேர்ந்தனர்.

நைட்கிராலரின் பிறப்பு தனிக்கதை. காக்ரம் அவனை முன்பே வரைந்து வேறொரு பதிப்பகத்திடம் காட்டியிருந்தார். தோற்றம் விநோதமாக இருக்கிறது என்று கூறி அங்கே அவனை ஏற்கவில்லை. தோற்றத்தால் ஒதுக்கப்பட்ட அவ்வீரன், தோற்றத்தால் ஒதுக்கப்பட்டோரின் அணியில் வந்து சேர்ந்தான். சேவியர் அவனை முதன்முதலில் காணும்போது, தீப்பந்தம் ஏந்திய ஊரார் அவனைத் துரத்திக்கொண்டிருப்பர்.

இவ்வணியிலும் குறைகள் இல்லாமல் இல்லை. எழுவருள் பெண் ஒருத்தியே. தொல்குடி வீரனான தண்டர்பேர்ட் மிக விரைவில் கதையில் உயிரிழந்தான். பல இனத்தவரையும் அழைத்து அமரச் செய்வது முதற்படி. அழைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் உரிய இடத்தை அளிப்பது அடுத்த படி. அவ்விரண்டாம் படிக்கு இன்னும் சில காலம் தேவைப்பட்டது.

உணர்ச்சியின் மொழி

பல நாட்டவர் கூடிய அணியில் எம்மொழியில் பேசுவது? சேவியர் தம் மன ஆற்றலால் அனைவருக்கும் ஆங்கிலத்தைக் கற்பித்துவிட்டார் என்று கதை கூறுகிறது. ஆயினும் அவர்களுடைய தாய்மொழி மறையவில்லை. நைட்கிராலர் வியப்படையும்போது அவனையறியாமல் ஜெர்மன் சொல் வெளிப்படும். கொலோசஸ் தோழரை அழைக்கும்போது ரஷ்யச் சொல் வரும்.

இவ்வழக்கத்தை வளர்த்தவர் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட். லண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்றவர் அவர். 1975 முதல் 1991 வரை 16 ஆண்டுகள் அவரே எக்ஸ்-மென் கதைகளை எழுதினார். மேக்னட்டோவின் துயர வரலாற்றை எழுதியவரும் அவரே. சண்டைக் காட்சிகளுக்கு இடையே, வீட்டை நினைத்து ஏங்கும் மனத்தையும், தாய் தந்தையருக்கு எழுதும் கடிதத்தையும் பொருளாகக் கொள்ளலாம் என்பதை அவர் காட்டினார். அவருடைய கதையில் 1980ஆம் ஆண்டு ஸ்டார்ம் அணித்தலைவியானாள். அதே ஆண்டு கிட்டி பிரைட் என்னும் பதின்மூன்று வயது யூதச் சிறுமி அறிமுகமானாள். கிளேர்மான்ட்டோடு இணைந்து அவளைப் படைத்த ஓவியர் ஜான் பைர்ன், இங்கிலாந்தில் பிறந்து எட்டு வயதில் கனடாவிற்குக் குடிபெயர்ந்தவர்.

1991ஆம் ஆண்டு எக்ஸ்-மென் என்னும் பெயரிலேயே மற்றொரு வரிசை தொடங்கியது. அதன் முதல் இதழ் 80 இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகள் விற்றுக் கின்னஸ் சாதனை படைத்தது. அதனை வரைந்த ஜிம் லீ, தென்கொரியாவின் சியோலில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். ஒருகாலத்தில் விற்பனையின்றி நின்றுபோன கதையை உலகின் உச்சிக்குக் கொண்டு சென்றவர்களுள் பலர், ஓர் ஊரில் பிறந்து மற்றோர் ஊரில் வளர்ந்தவர்கள் என்பது எண்ணத்தக்கது.

படைத்தவர் பெயர்

ஒரு படக்கதை இதழ் பலருடைய உழைப்பால் உருவாவது. எழுத்தாளர் கதையை எழுதுவார். ஓவியர் பென்சிலால் வரைவார். மற்றொருவர் அதன்மேல் மையிடுவார். உரையாடலை அழகாக எழுதுவதற்கும் வண்ணம் சேர்ப்பதற்கும் தனித்தனி வல்லுநர் உண்டு.

லீயும் கிர்பியும் பணியாற்றிய முறையோ சற்றே வேறானது. இருவரும் கதைச் சுருக்கத்தைப் பேசி முடிவு செய்வர். காட்சிகளை அமைத்துப் பக்கம் பக்கமாகக் கதையை நகர்த்தி வரைபவர் கிர்பி. வரைந்தபின் உரையாடலை எழுதுபவர் லீ. ஆகவே கதையைப் படைத்ததில் யாருடைய பங்கு எவ்வளவு என்னும் வழக்கு நெடுங்காலம் நீடித்தது. லீயின் பெயர் உலகெங்கும் பரவியது. கிர்பியின் பெயர் அவ்வளவு பரவவில்லை. 1994இல் கிர்பி மறைந்தார். அவருடைய பிள்ளைகள் நீதிமன்றம் சென்றனர். உச்ச நீதிமன்றம் வரை சென்ற அவ்வழக்கு 2014இல் உடன்பாட்டில் முடிந்தது. அதன்பின் மார்வெல் வெளியீடுகளில் கிர்பியின் பெயரும் உரிய இடத்தைப் பெற்றது.

பெயர் என்பது சிறு செய்தியன்று. ஒருவர் செய்த பணிக்கு அவருடைய பெயரைச் சொல்வதும், அப்பெயரைப் பிழையின்றிச் சொல்வதும் அவருக்கு நாம் அளிக்கும் மதிப்பாகும். கொலோசஸ் என்பது வீரனின் பட்டப்பெயர். அவன் தங்கைக்கு அவன் என்றும் பியோத்தர்தான்.

மாணவர்களே, நீங்கள் வகுப்பில் இந்தியில் பேசலாம். தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். விளையாட்டுத் திடலில் வங்காளமோ மராத்தியோ பேசலாம். அவை அனைத்தும் நீங்கள் முயன்று பெற்ற ஆற்றல்களே. ஆனால், ஓடும்போது கால் இடறினால் உங்கள் வாயிலிருந்து முதலில் வரும் சொல் எது? 'அம்மா!' என்பதுதானே? அச்சொல்லை மறைக்க வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் பெயரைத் தவறாக ஒருவர் சொன்னால், பொறுமையோடு ஒருமுறை சரியாகச் சொல்லிக் கொடுங்கள். அவருடைய பெயரையும் கேட்டுச் சரியாகச் சொல்லப் பழகுங்கள். சேவியரின் பள்ளியில் நடந்ததும் அதுவே.

சொற்பொருள்

மைந்தர் – மகன்கள்
தொல்குடி – ஒரு நிலத்தில் முதன்முதலில் வாழ்ந்த மக்கள் இனம்
புகலிடம் – அடைக்கலம் தரும் இடம்
ஏவுதல் – கட்டளையிட்டுச் செலுத்துதல்
படி – ஒரே நூலின் அச்சிட்ட பிரதி, நிலை

வினாக்கள்

1. எக்ஸ்-மென் வீரர்கள் தமக்கு முன் தோன்றிய வீரர்களிடமிருந்து எவ்வாறு வேறுபட்டனர்?
2. 1963ஆம் ஆண்டின் அணியையும் 1975ஆம் ஆண்டின் அணியையும் ஒப்பிட்டு ஐந்து வரிகள் எழுதுக.
3. கிர்பியின் பெயர் லீயின் பெயரளவிற்குப் பரவாமை முறையா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

செயல்பாடு

உங்கள் வகுப்புத் தோழர் ஐவரிடம், வலி தோன்றும்போதும் வியப்புத் தோன்றும்போதும் அவர்கள் வாயில் முதலில் வரும் சொல் எது எனக் கேளுங்கள். அச்சொற்களை ஒலி மாறாமல் தமிழ் எழுத்தில் எழுதி, சொன்னவர் பெயருடன் பட்டியலிடுங்கள்.